மாரடைப்பும் மிச்சம் நிற்கும் பாக்கியும்



இந்தக் காலாண்டு இதழின் வரலாற்றுப் பகுதிக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். அண்ணாமலையார் கோயில் கோபுரங்களைப் பற்றியோ, நம் வேங்கிக்கால் ஏரியைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். காரணம் உங்களுக்கே தெரியும். நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். காலை நடைப்பயிற்சியில் நாலு பேர் சேர்ந்தால், ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர், பைபாஸ் செய்துகொண்டவர் ஒருவர், எக்கோ பார்க்க நாள் குறித்திருப்பவர் ஒருவர் என்று இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பேரேடு பார்த்தவன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்துத் தெரிந்துகொண்ட வரலாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்து வீடு திரும்பினால், "கண்டம் தாண்டியாச்சு" என்கிறோம். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மாரடைப்பு பல பேரிடம் ஒரு பாக்கியை விட்டுவிட்டுப் போகிறது. அதன் பெயர் இதயச் செயலிழப்பு. ஆங்கிலத்தில் ஹார்ட் ஃபெயிலியர் என்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இதயம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். "பம்பிங் குறைஞ்சிருக்கு" என்று டாக்டர்கள் நம்மிடம் சொல்வது இதைத்தான்.

இந்தப் பாக்கி எப்படி ஏற்படுகிறது, அதைக் குறைக்க உலகம் என்னென்ன செய்தது, நம் தமிழ்நாடு என்ன செய்தது என்பதே இந்தக் கட்டுரை.

படுக்கையே மருந்தாக இருந்த காலம்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. அப்படி அடைத்தால் மரணம் உடனே நிச்சயம் என்றுதான் நூறு வருடத்துக்கு முன்பு வரை பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். 1912-ல் சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர், அடைப்பு ஏற்பட்ட பிறகும் ஆட்கள் பிழைத்திருக்க முடியும் என்று எழுதினார். பிழைத்தவர்களுக்குக் கொடுத்த வைத்தியம் படுக்கை. வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். 1952-ல் பாஸ்டனில் லெவின், லவுன் என்ற இரு டாக்டர்கள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று சொன்னதே அந்தக் காலத்தில் பெரிய புரட்சி.

அந்தக் காலகட்டத்தில் உலகமே பார்த்த மாரடைப்பு ஒன்று உண்டு. 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு வந்தது. கோல்ஃப் விளையாடிவிட்டு வந்த அன்று இரவு நெஞ்சுவலி. வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டிருந்தார். அதனால் வயிற்றுக் கோளாறு என்றே அவருடைய சொந்த டாக்டர் முதலில் நினைத்தார். பல மணி நேரம் கழித்து ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கே, பக்கத்தில் டாக்டர் இருந்தபோதே, "கேஸ் ட்ரபிள்" என்ற சந்தேகத்தில் முக்கியமான மணி நேரங்கள் போய்விட்டன. அவர் பிழைத்தார், மறுபடி தேர்தலில் நின்று ஜெயிக்கவும் செய்தார். ஆனால் பிந்தைய வருடங்களில் திரும்பத் திரும்ப மாரடைப்பு வந்தது. 1969 மார்ச் 28-ல் அவர் இறந்தபோது காரணம் இதயச் செயலிழப்பு.

நான்கு வகுப்புகள்

1960-களின் தொடக்கத்தில் எடின்பரோவிலும் அமெரிக்காவிலும் இதய நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கும் யோசனை வந்தது. இன்று நாம் சி.சி.யூ. என்று சொல்வது அதுதான். இதயத் துடிப்பை இரவு பகலாகத் திரையில் பார்ப்பது, தாளம் தவறினால் உடனே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது என்ற ஏற்பாடு. திடீர் மரணங்கள் நன்றாகக் குறைந்தன.

அப்போது ஒரு விஷயம் வெளிப்பட்டது. துடிப்பு சரியாக இருந்தும் சிலர் இறந்தார்கள். நியூயார்க்கில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பல் என்ற இருவர் 250 நோயாளிகளைக் கவனித்து 1967-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை ரொம்ப எளிமையானது. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து, நுரையீரலில் நீர் கோத்த சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தையும் கை கால் சில்லிப்பையும் பார்த்தார்கள். அதை வைத்து நோயாளிகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள்.

நீர் கோக்காதவர்கள் முதல் வகுப்பு. அவர்களில் இறந்தவர்கள் 6 சதவீதம். லேசாக நீர் கோத்தவர்கள் இரண்டாம் வகுப்பு, இறப்பு 17 சதவீதம். நுரையீரல் நிறைய நீர் கோத்து மூச்சுத் திணறியவர்கள் மூன்றாம் வகுப்பு, 38 சதவீதம். ரத்த அழுத்தம் விழுந்து உடம்பு சில்லிட்டவர்கள் நான்காம் வகுப்பு, 81 சதவீதம்.

எல்லோருக்கும் வந்தது மாரடைப்புதான். ஒருவருக்கு நூற்றில் 6, இன்னொருவருக்கு நூற்றில் 81. எவ்வளவு தசை செத்துப்போனது, மிச்சமிருக்கும் தசையால் எவ்வளவு தள்ள முடிகிறது என்பதே பெரிய வித்தியாசம். அன்று கிடைத்த வைத்தியத்தில் வந்த எண்கள் இவை. இன்று இறப்பு எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனாலும் ஐம்பது வருடத்துக்கு மேலான பிறகும் டாக்டர்கள் "கில்லிப் வகுப்பு" என்று எழுதுகிறார்கள்.

நேரம் என்னும் வட்டி

தசை எவ்வளவு வேகமாகச் சாகிறது? இதை அமெரிக்காவில் ரைமர், ஜென்னிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்துச் சோதித்து 1977-ல் எழுதினார்கள். குழாய் அடைபட்டு அரை மணி, முக்கால் மணிக்குள் இதயச் சுவரின் உட்பக்கத்தில் தசை சாகத் தொடங்குகிறது. பிறகு அலை போல வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் போக வேண்டியதில் பெரும்பகுதி போய்விடுகிறது. செத்த இதயத் தசை மறுபடி வளர்வதில்லை, அந்த இடத்தில் தழும்புதான் உண்டாகிறது.

அப்படியானால் அடைப்பைச் சீக்கிரம் திறந்துவிட்டால் என்ன? இத்தாலியில் 11,806 நோயாளிகளை வைத்து நடந்த கிஸ்ஸி என்ற ஆய்வின் முடிவு 1986-ல் வெளியானது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடம் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நேரம் ஆக ஆகப் பலன் தேய்ந்துகொண்டே போனது. 17,187 பேரை வைத்து நடந்து 1988-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நாம் தலைவலி மாத்திரையாக அறிந்த ஆஸ்பிரினே இறப்பை 23 சதவீதம் குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது.

வங்கிக்காரனாக எனக்கு இது எளிதாகப் புரிகிறது. தவணை தவறினால் வட்டி ஏறும். இங்கே வட்டி நிமிடக் கணக்கில் ஏறுகிறது, பிடித்துக்கொள்வது இதயத் தசையில்.

இந்த மாவட்டத்தில் ஒரு கிளையில் என்னோடு வேலை பார்த்த காசாளர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990-களில் நடந்தது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு நாள் சாயங்காலம் கணக்கு முடிக்கும் நேரத்தில் நெஞ்சில் பாரம், சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. மதியம் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சோடா குடித்தார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே கழித்துவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய மனிதராக இல்லை. மாடியில் இருந்த லாக்கர் அறைக்கு ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். விருப்ப ஓய்வில் போனார். எட்டு வருடம் அப்படியே இருந்து இறந்தார். மாரடைப்பிலிருந்து தப்பித்தவர்தான் அவர். அந்த ஒரு ராத்திரிக்கான வட்டியை எட்டு வருடம் கட்டினார்.

பாம்பு விஷத்திலிருந்து வந்த மாத்திரை

நேரம் தவறிப்போய் இதயம் பலவீனமானவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வரலாறும் சுவையானது.

பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்ற விரியன் வகைப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அந்த விஷத்தை பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா ஆராய்ந்தார். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சியில் கேப்டோப்ரில் என்ற மாத்திரை உருவானது. முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை அது. மாரடைப்புக்குப் பிறகு இதயம் மெல்ல மெல்ல பலூன் போல விரிந்து இன்னும் பலவீனமாகிறது. இந்த விரிவை அந்த மாத்திரை தடுக்கும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மாரடைப்பு வந்து பம்பிங் குறைந்த 2,231 பேரிடம் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில் இறப்பு 19 சதவீதம் குறைந்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உண்டாவது 37 சதவீதம் குறைந்தது. இன்று நம்மில் பலர் சாப்பிடும் "ப்ரில்" என்று முடியும் மாத்திரைகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளின் கதை நேர்மாறானது. பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1975-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வாக்ஸ்டைன் என்பவர் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டார். உலகம் அதை முழுமையாக ஒத்துக்கொள்ள 1999 வரை ஆனது. அந்த வருடம் வந்த பெரிய ஆய்வுகள் இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இம்மாத்திரைகள் குறைப்பதைக் காட்டின.

இந்த மாத்திரைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விடாமல் சாப்பிட வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நாமாக நிறுத்திவிட்டால் விரிவைத் தடுக்க உள்ளே ஆள் இல்லை.

நம் தமிழ்நாடு

இதய வைத்தியத்தில் தமிழ்நாட்டுக்கு நல்ல இடம் உண்டு. நமக்குப் பக்கத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி.யில் 1961-லேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். பலூன் வைத்து அடைப்பை விரிக்கும் முறையை 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் சென்னையில் பணியாற்றிய டாக்டர் மேத்யூ சாமுவேல் கலரிக்கல்.

வைத்தியம் ஊரில் இருந்தது. ஆட்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2008-ல் வெளியான கிரியேட் என்ற ஆய்வு, இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தது. வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர்ந்த நேரத்தின் நடு அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரம். ரைமரும் ஜென்னிங்ஸும் சொன்ன அதே ஆறு மணி நேரத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். மருத்துவமனைக்கு வந்த பிறகு கட்டி கரைக்கும் மருந்து ஏற ஆனது 50 நிமிடம்தான். அதாவது தாமதத்தின் பெரும்பகுதி வீட்டிலும் வழியிலும்தான். அதே ஆய்வில் ஏழைகளின் இறப்பு 8.2 சதவீதம், வசதியுள்ளவர்களின் இறப்பு 5.5 சதவீதம்.

அதே 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அதை வைத்து ஒரு நல்ல ஏற்பாடு செய்யலாம் என்று டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முள்ளாசாரி முதலியோர் முனைந்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்தார்கள். சிறிய இடத்தில் உடனே ஈ.சி.ஜி. எடுத்துக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிடுவது, பிறகு ஒரு நாளுக்குள் பெரிய மையத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது என்பது திட்டம். வேலூர் சி.எம்.சி.யும் அந்த மையங்களில் ஒன்று. 2012-லிருந்து 2014 வரை 2,420 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, முடிவை 2017-ல் வெளியிட்டார்கள்.

அந்த முடிவில் இரண்டு எண்களை நான் பலமுறை படித்தேன். மருத்துவமனைக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 5.8 சதவீதம், பின் 5.6 சதவீதம். பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிய அன்று இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. வித்தியாசம் வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தது. மாரடைப்புக் கணக்கை ஆஸ்பத்திரி வாசலில் முடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

2023 ஜூனில் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டர்வாஸ்டாடின் 8. கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலேயே முதல் வைத்தியம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இது அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நாமாகச் சாப்பிடக் கூடாது.

பாக்கியின் அளவு

இந்தப் பாக்கி எவ்வளவு பெரியது என்பதை நம் அண்டை மாநிலம் அளந்து பார்த்தது. 2013-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன டாக்டர்கள், அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. அதாவது நம் வயது. நூற்றில் 72 பேருக்கு மூல காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒருவர் இறந்துவிட்டார். ஐந்து வருடத்தில் பாதிக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆய்விலேயே, தரவேண்டிய மாத்திரைகளைச் சரியாகப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

வேங்கிக்காலில் நாம்

இந்த வரலாறு நம் வாசலுக்கு வரும்போது என்ன சொல்கிறது?

திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலூர் எண்பது கிலோமீட்டருக்கு மேல். "நேரா வேலூருக்கே போயிடலாம், கார் எடு" என்று மகனோ மருமகனோ சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தமிழ்நாட்டு ஆய்வு காட்டிய பாதை வேறு. பக்கத்தில் முதல் ஈ.சி.ஜி., முதல் மருந்து. பெரிய ஊர் அதற்குப் பிறகு. 108-ஐக் கூப்பிட்டால் எங்கே கொண்டு போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வழியில் ஏதாவது ஆனால் கவனிக்க ஆளும் இருக்கும். சொந்தக் காரில் அது இல்லை.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பௌர்ணமி கிரிவலத்தன்றும் கார்த்திகை தீபத்தன்றும் சாலைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருப்பது மற்ற நாட்களைவிட ஆபத்து. கிளம்பவே இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதால் இரண்டு மடங்கு சீக்கிரம் கூப்பிட வேண்டும். பம்பிங் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல். இவை வந்தால் சோடாவுக்கும் ஓமத் தண்ணீருக்கும் நேரம் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகக்கூட வரலாம். நம் வீட்டுப் பெண்கள் "ஒண்ணுமில்ல, வேலை முடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்று சொல்லும் வழக்கம் உள்ளவர்கள். அந்த வார்த்தையை நம்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணை எண்ணிக்கை கூடுவது எல்லாம் அதே செய்திதான். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் இரவில் யாரும் வண்டி நிறுத்தாதபடி கோடு போட வேண்டும். ஸ்ட்ரெச்சர் நம் லிஃப்ட்டுக்குள் நுழைகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் மாடியிலிருந்து நோயாளியை எப்படி இறக்குவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். இரவுக் காவலருக்கு 108-ல் நம் முகவரியையும் அடையாளத்தையும் எப்படிச் சொல்வது என்று எழுதிக் கொடுத்து கேட் அருகில் ஒட்ட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மாதப் பராமரிப்புத் தொகையில் சிறு துளிகூட இல்லை. அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.